ஓட்டையில்லாத கோப்பைகள்

கோவில்பதாகை
28.7.2025

மதிப்பிற்குரிய சம்பந்தி தசரதன் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். நீங்களும் சம்பந்தியம்மாளும், ஆடிக்கு அங்கே வந்திருக்கும் எங்கள் மருமகள் ரேணுகாவும் நலம் என்று நம்புகிறேன்.

பஸ்ஸில் வந்துவிடும் தூரத்தில் இருப்பவருக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். என் வீட்டில் தொலைபேசி பொதுச்சொத்து. பார்வதம் காய் நறுக்கும்போது அது ஸ்பீக்கரில் இருக்கும், நறுக்காதபோதும் இருக்கும். சில விஷயங்கள் நமக்குள் இருப்பது நல்லது.

வைகாசியில் நடந்த திருமணத்தில் தாம்பூலப் பைக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு மணி பிளாண்ட் கொடுத்தோம். தேங்காய் வேண்டாம், பிளாஸ்டிக் பை வேண்டாம் என்ற யோசனை என்னுடையது. செடி உங்கள் நர்சரியுடையது. வெள்ளைப் பீங்கான் கோப்பையில் ‘ஸ்ரீராம் – ரேணுகா’ என்று தங்க நிற ஸ்டிக்கர். எல்லோரும் பாராட்டினார்கள். வீட்டில் பணம் வளரும் என்று சிலர் இரண்டாக எடுத்துப் போனார்கள்.

அவை இப்போது இறந்துகொண்டிருக்கின்றன.

முதலில் போனது, என்னுடன் வேலை பார்த்த உலகநாதன் வீட்டில். அவர் போன் செய்து, “சார், பையனும் பொண்ணும் சந்தோஷமா இருக்காங்களா?” என்று கேட்டார். இருக்கிறார்களே, ஏன் என்றேன். “இல்ல, செடி மஞ்சளாயிடுச்சு, அதான்” என்றார். அதன்பின் எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வரிசையாக. செத்த செடியைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வரவில்லை. புதுமணத் தம்பதியின் பெயரை எப்படிக் குப்பையில் போடுவது? ஆகவே எங்கள் கேட் ஓரம் வைத்துவிட்டுப் போகிறார்கள். காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போனால் புதிதாக இரண்டு மூன்று கோப்பைகள் நிற்கின்றன.

எங்கள் வாசல் செடி, ரேணுகா ஆடிக்குக் கிளம்பிய வாரத்திலிருந்து தலை தொங்கிக் கிடக்கிறது. பார்வதம் தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறாள். ஊற்றும்போது சொல்கிறாள்: “வந்தவ காலு எப்படியோ. கல்யாணச் செடியே தங்கமாட்டீங்குது.”

நான் இதையெல்லாம் நம்புகிறவன் அல்ல. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் நம்பாதவனுக்கும் சாப்பாடு நம்புகிறவள் கையால்தான்.

எனவே காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். ஓய்வுபெற்றோர் சங்க அலுவலகத்தின் முகவரி உறையின் பின்புறம் இருக்கிறது.

தங்கள்,
வேலுசாமி


நூம்பல்
2.8.2025

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. நர்சரிக்கு ஸ்பீட் போஸ்ட் வந்ததைப் பார்த்து, வேன் ஓட்டும் வெங்கட், “இன்னா அண்ணாத்தே, கோர்ட் நோட்டீஸா?” என்றான். ஏறக்குறைய என்றேன்.

உங்கள் செடிகளுக்கு வந்திருப்பது வேரழுகல். மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை, கண்ணுக்குத் தெரியாது. தொட்டியில் ஈரம் தேங்கினால் பெருகி வேரைத் தின்னும். வேர் போன செடி தண்ணீர் குடிக்க முடியாமல் வாடும். பார்க்கிறவர்கள் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். பூஞ்சைக்கு அது விருந்து. சந்தேகம் இருந்தால் ஒரு செடியைப் பிடுங்கி வேரை இரண்டு விரலால் உருவிப் பாருங்கள். மேல்தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி ஒன்று மிஞ்சும். சாக்கடை வாடை அடிக்கும். மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால் அதற்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று சம்பந்தியம்மாளிடம் சொல்லுங்கள்.

இதில் என் மகளுடைய காலுக்கு எந்த வேலையும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சித்திரையில் நான் மாதிரி கொண்டுவந்து காட்டியது மண் தொட்டி. அடியில் ஓட்டை இருந்தது. காரில் வருகிறவர்களின் சீட் நனையும், பட்டுப்புடவை கறையாகும், ஒழுகவே கூடாது என்றீர்கள். செடிக்கு ஆகாது என்றேன். பீங்கான் கோப்பைகளை நீங்களே வாங்கி வந்தீர்கள். முந்நூறு கோப்பையிலும் தண்ணீர் ஊற்றி, என் ஷெட்டில் நாள் முழுக்க வைத்துப் பார்த்து, ஒழுகாததன் அடியில் சிவப்பு பெயிண்டில் ஒரு புள்ளி வைத்தீர்கள். எல்லாமே பாஸ்.

என் பிழைப்பில் தொட்டிக்கு ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தவர்கள் உண்டு. ஓட்டை இல்லாமல் இருக்கிறதா என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்தது அன்றுதான்.

ஆடி இந்த ஆகஸ்ட் பதினாறாம் தேதியோடு முடிகிறது. ஆவணி பிறந்ததும் நீங்கள் வந்து பெண்ணை அழைத்துப்போவீர்கள் என்று தாட்சாயிணி உங்கள் வீட்டுக்குப் புடவை, வேட்டி எல்லாம் எடுத்து வைத்துவிட்டாள். எந்தக் கிழமை என்று எழுதினால் வெளி வேலை வைத்துக்கொள்ளாமல் இருப்பேன்.

தசரதன்


கோவில்பதாகை
9.8.2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் விளக்கம் பெறப்பட்டது. ஓட்டை தொடர்பாக: கோப்பை ஒழுகக் கூடாது என்பது தேவை. அந்தத் தேவை முழுமையாக நிறைவேறியது. செடி உயிரோடு இருக்க வேண்டும் என்று அப்போது யாரும் தனியாகக் குறிப்பிடவில்லை.

சங்க அலுவலகத்தின் பின்புறம், திரும்பி வந்த கோப்பைகள் மூன்றை நேற்று தட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே வேரின் தோல் உருவிக்கொண்டு வந்தது. கூடவே மண்ணிலிருந்து வேறு சில பொருள்களும் வந்தன. ஸ்டேப்ளர் பின்கள். டீ கலக்கும் மரக்குச்சி. அடையாள அட்டை மாட்டும் கிளிப் ஒன்று.

என் மகன் திருமணத்துக்கு வரும் முன்பே இந்த மண் எங்கோ உத்தியோகம் பார்த்திருக்கிறது.

அம்பத்தூர் கம்பெனிகளுக்கு நீங்கள் வாடகைக்குச் செடி வைப்பது எனக்குத் தெரியும். அங்கே வாடித் திரும்பி வரும் தொட்டிகளின் மண் எங்கே போகிறது என்று இதுவரை நான் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

ஆக, பூஞ்சை உங்களுடையது, அது தங்குவதற்கு வசதி செய்துகொடுத்தது நான் என்று யாராவது வாதிடலாம். யாரும் வாதிடாமல் இருப்பது நம் இருவருக்கும் நல்லது. பார்வதத்துக்கு ஓட்டை விஷயம் தெரிந்தால் இந்த வீட்டில் நான் இனி எதையும் பரிசோதிக்க முடியாது. உங்களிடம் செடி வாங்குகிறவர்களுக்கு மண் விஷயம் தெரிந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

பார்வதம் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள். “வாசல்ல இருக்கற செடி தழையட்டும், அடுத்த நாளே போய்க் கூட்டியாரலாம்” என்கிறாள். அவளுக்கும் மருமகள்மேல் கோபம் எதுவும் இல்லை, பயம்தான். எனவே அதே உயரத்தில், ஏறக்குறைய அதே எண்ணிக்கை இலைகளுடன் ஒரு செடியைச் சங்க அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அவள் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து மாற்றிவிடுகிறேன். இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. பழுதான உதிரிபாகத்தை மாற்றுவது எங்கள் தொழிற்சாலையில் அன்றாடம் நடப்பதுதான்.

வேலுசாமி


நூம்பல்
13.8.2025

சம்பந்தி அவர்களுக்கு,

வெங்கட் கையில் செடி கொடுத்திருக்கிறேன். ஓட்டையுள்ள மண் தொட்டி, புது மண். தயவுசெய்து அப்படியே வையுங்கள். அந்தக் கோப்பையில் மாற்றாதீர்கள், அந்த மண்ணில் ஒரு பிடிகூடக் கலக்காதீர்கள். செடி போய்விட்டது, பூஞ்சை போகவில்லை. அது மண்ணிலும் கோப்பையிலும் அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும்.

என் மண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரே வாரத்தில் முந்நூறு செடி கேட்டால் கடைசிக் கோப்பை வரை புது மண் வராது. இதற்கு மேல் எழுத எனக்கும் விருப்பமில்லை.

பேசாமல் இருப்பது என்ற உங்கள் யோசனைக்குச் சம்மதம். சம்மதித்த அன்று மாலையே ரேணுகா வந்து, “வேரழுகலாப்பா? நம்ம மண்ணுல ஏதாவது?” என்று கேட்டாள். தொட்டிகளுக்கு நடுவில் வளர்ந்த பெண், அவளுக்குத் தெரியாதா. “நம்ம மண்ணுல ஒண்ணும் இல்லம்மா” என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

சீக்கிரம் வந்து அழைத்துப் போங்கள்.

தசரதன்


கோவில்பதாகை
29.8.2025

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

தகவல் நல்லதாக இல்லை.

நீங்கள் அனுப்பிய மண் தொட்டியை வாசலில் வைக்க முடியாது. பார்வதத்துக்கு அந்தக் கோப்பை தெரியும், ஸ்டிக்கர் தெரியும், மண்ணில் அவள் வைத்த முட்டை ஓடு தெரியும். எனவே செடியை மட்டும் எடுத்து அதே கோப்பையில், மேலே பழைய மண் தெரியும்படி நட்டேன். நீங்கள் வேண்டாம் என்று எழுதியிருந்தது நினைவில் இருந்தது. ஆனால் கள நிலவரம் வேறு.

முதல் சில நாட்கள் பிரமாதம். விடிந்ததும் செடி நிமிர்ந்து நிற்பதைப் பார்த்த பார்வதம் கோப்பைக்குக் குங்குமம் வைத்தாள். அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை நூம்பல் போகலாம் என்று சொல்லி, ரேணுகாவுக்குப் பிடிக்கும் என்று வெல்லம் போட்டுக் கச்சாயம்கூடச் சுட்டாள். சந்தோஷத்தில் தண்ணீரும் கூடுதலாக ஊற்றினாள்.

வியாழக்கிழமை அடி இலை மஞ்சளானது.

வெறுமனே செத்த செடியைவிட, பிழைத்து வந்து செத்த செடி மோசம் என்பதை நான் முன்கூட்டி யோசித்திருக்க வேண்டும். “அவளக் கூப்பிடப் போலாம்னு வாயெடுத்தேன், வாடிப்போச்சு” என்று போனில் நான்கு பேரிடம் சொன்னாள். கச்சாயத்தை நான் சாப்பிட்டேன்.

இதற்கு நடுவே மழை. கேட் ஓரம் நிற்கும் கோப்பைகள் நிரம்பி வழிந்து, அந்தத் தண்ணீர் அவளுடைய குரோட்டன்ஸ் வரிசைக்குப் போகிறது. அதிலும் இரண்டு தலை சாய்த்துவிட்டன. அதுவும் ரேணுகா கணக்கில் சேர்ந்திருக்கிறது. ஸ்ரீராம் அம்மாவிடம் ஏதோ பேசிவிட்டு, பட்டாபிராமில் நண்பன் அறைக்குப் போயிருக்கிறான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

ஆவணியில் அழைப்பது சிரமம் என்று தோன்றுகிறது. புரட்டாசி ஆகாது. ஐப்பசியில் தலை தீபாவளி. அதற்கு எப்படியும் பெண் உங்கள் வீட்டில்தானே இருக்க வேண்டும். இங்கே வந்து திரும்பிப் போகும் அலைச்சல் மிச்சம் என்றும் இதைப் பார்க்கலாம்.

வேலுசாமி


நூம்பல்
5.9.2025

வேலுசாமி அவர்களுக்கு,

அலைச்சல் மிச்சம் என்ற வரியை மூன்று முறை படித்தேன்.

ஸ்ரீராம் ரேணுகாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதாவது, அவருக்குத் தெரிந்த எல்லாவற்றையும். அவள் கால் எடுத்து வைத்ததால் வீட்டில் ஒன்றும் தங்கவில்லை என்று குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேச்சாம். தொட்டி நிரப்பும் முனியம்மா நேற்று அவள் முன்னாலேயே, “இன்னாம்மா, உன்ன இன்னும் கூட்டிகினு போவலியா? ஆவணியே முடியப் போவுது” என்றாள். ரேணுகா சிரித்தாள். அப்புறம் மோட்டார் ரூமில் நெடுநேரம் இருந்தாள். மோட்டார் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே உங்கள் வாசலுக்கு வந்து, சம்பந்தியம்மாள் முன்னால் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டிவிடலாம் என்று இருந்தேன். சட்டை போட்டுக்கொண்டேன். பிறகு, காட்டினால் மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டி வருமே என்று கழற்றி மாட்டிவிட்டேன். ஐப்பசி முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டில் இதே மாதிரி செடி கேட்டிருக்கிறார்கள். உங்கள் மகன் கல்யாணத்தில் பார்த்துவிட்டுக் கேட்டவர்கள்.

நீங்கள் முதலில் ஓட்டையைச் சொல்லுங்கள். நான் பின்னாலேயே மண்ணைச் சொல்லிவிடுகிறேன்.

தசரதன்


கோவில்பதாகை
13.9.2025, சனி

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் யோசனையை ஏற்று, உரிய நேரத்தில் பார்வதத்திடம் சொல்வதாக இருந்தேன். உரிய நேரம் எனக்காகக் காத்திருக்கவில்லை.

நேற்று காலை, செத்த செடியின் ஸ்டிக்கரையாவது உரித்துச் சாமி அலமாரியில் வைக்கலாம் என்று கோப்பையைக் கையில் எடுத்தாள். சாய்த்ததும் கறுப்புத் தண்ணீர் அவள் கால்மேல் கொட்டியது. வாடை கூடம் வரை வந்தது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

“ஏனுங்க.”

“ம்.”

“இதுக்கு ஓட்டை எங்கீங்க?”

பீங்கானில் ஓட்டை வழக்கமாக இருக்காது என்றேன். அவள் கோப்பையைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். எங்கள் வீட்டில் குக்கர், ஏணி, கேஸ் டியூப், நான் பரிசோதித்த எல்லாவற்றிலும் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். அவளுக்கு அது என் முகத்தைவிடப் பழக்கம்.

“இது உங்க புள்ளிதானுங்களே?”

ஆமாம் என்றேன். அவள் கேட் ஓரம் போய், அங்கே நின்ற ஒவ்வொரு கோப்பையையும் கவிழ்த்தாள். வேலையை நடுவில் நிறுத்தவில்லை. கடைசியில் கேட்டிலிருந்து துளசி மாடம் வரை வெள்ளை வெள்ளையாகக் கவிழ்ந்து கிடந்தன. எல்லாவற்றின் முதுகிலும் என் புள்ளி. தெருவில் போன உலகநாதன் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?” என்றாள். சொன்னேன்.

“அந்தப் புள்ளையப் பத்தி எத்தன பேர்கிட்டப் பேசிட்டேன். பேசறப்பல்லாம் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க. ஓட்டையில்லாததப் பாத்துப் பாத்து வாங்கத் தெரிஞ்சுது, வாயத் தொறக்கத் தெரியலீங்களா?”

இந்த இடத்தில் உங்கள் மண்ணைப் பற்றியும் சொல்லிவிட்டேன். தனியாக நிற்க எனக்குப் பழக்கமில்லை.

இரவு முழுக்க ஸ்டிக்கர்களை உரித்துப் பழைய தாம்பூலப் பை ஒன்றில் போட்டாள். காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் பூந்தமல்லி பஸ் ஏறிவிட்டாள். அங்கிருந்து வேறு பஸ் மாறி, உங்கள் வேலப்பன்சாவடி ஸ்டாப்பில் இறங்கி வழி கேட்டுக்கொண்டு வந்துவிடுவாள். இந்தக் கடிதம் சேரும் முன்பே அவள் சேர்ந்திருப்பாள். இருந்தாலும் எழுதிவைப்பது முறை.

மதியம் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

வேலுசாமி


நூம்பல்
16.9.2025

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் எச்சரிக்கை நேற்று கிடைத்தது. சம்பந்தியம்மாள் சனிக்கிழமை பதினோரு மணிக்கே வந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வரவில்லை, நேராக நர்சரிக்கு. ஷெட்டில் கிடந்த மண் குவியலின் முன்னால் நின்றார்கள். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பி, ஒரு ஸ்டேப்ளர் பின்னைப் பொறுக்கி என் கையில் வைத்தார்கள். நான் வைத்திருந்த பதில்கள் எல்லாம் வீணாயின.

பிறகு ரேணுகாவைக் கேட்டார்கள். அவள் நர்சரியை ஒட்டிய எங்கள் வீட்டின் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நானும் தாட்சாயிணியும் எட்டி நின்றோம்.

“கண்ணு, நாந்தான் தண்ணி ஊத்தி ஊத்திக் கொன்னேன்” என்றார்கள். “பழியத் தூக்கி உம்மேல போட்டேன்.”

ரேணுகா கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “ஓட்டை இல்லாத கப்புல யார் ஊத்தினாலும் சாவும் அத்தை” என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதைக் கவனித்தேன்.

சம்பந்தியம்மாள் பையை நீட்டினார்கள். “எங்க போடறதுன்னு தெரியல. உங்க ரெண்டு பேரு பேரு.”

ரேணுகா பைக்குள் பார்த்தாள். தங்க நிறத்தில் அவள் பெயர், ஈரமும் சேறுமாய் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய், குப்பைத்தொட்டியில், யாரோ கொட்டியிருந்த வெங்காயத் தோல்மேல் அப்படியே கவிழ்த்தாள். பையை உதறி மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். சம்பந்தியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பின்னாலேயே போயிருந்த நாங்களும் அவளோடு நின்று தொட்டியையே பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாய் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது.

“கூட்டிப் போகத்தான் வந்தேன்” என்றார்கள்.

“யாரும் கூப்பிட வேணாம் அத்தை. ஞாயித்துக்கெழம நானே வரேன். ஸ்ரீராமையும் வரச் சொல்றேன். அதுக்குள்ள கேட்டுல இருக்கற மண்ண எடுத்துடுங்க.”

“அன்னிக்கு மாளய அமாவாசைடி, புரட்டாசி வேற” என்றாள் தாட்சாயிணி.

“பஸ் ஓடும்ல?” என்றாள் ரேணுகா.

எனவே ஞாயிற்றுக்கிழமைக்குள் கோப்பைகளை அப்புறப்படுத்துங்கள். மண்ணைச் செடிப் பக்கம் கொட்டாதீர்கள், சாக்கில் கட்டி வையுங்கள். என் குவியலும் அப்படித்தான் கிடக்கிறது. நனைத்து, கண்ணாடி மாதிரி பாலித்தீனால் மூடி, வெயிலில் பல வாரம் வேகவிட்டால் பூஞ்சை சாகும். ஆனால் இது மழைக்காலம். பங்குனி வெயில் வரும்வரை நானும் அந்தக் குவியலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஐப்பசி முகூர்த்தக்காரர்களிடம் போய், என் மண் சரியில்லை, தேங்காயே கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஒருவர் பாராட்டினார். இரண்டு பேரும் வேறு நர்சரி பார்க்கிறார்கள்.

சம்பந்தியம்மாளை பஸ் ஏற்றிவிட்டு வந்தபின் ரேணுகா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். “நான் கேட்டனே, அன்னிக்கே உனக்குத் தெரியுமாப்பா?”

தெரியும் என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதன்பின் என்னிடம் பேசவில்லை. சாப்பாடு போடுகிறாள், கேட்டால் தலையாட்டுகிறாள். உங்கள் வீட்டம்மாளிடம் தினமும் போனில் பேசுகிறாள். சிரிப்புச் சத்தம்கூடக் கேட்கிறது. நான் அந்தப் பக்கம் போனால் குரல் தணிகிறது.

அங்கே உங்கள் நிலவரம் எப்படி என்று எழுதுங்கள். இனி நான் வீட்டு முகவரிக்கே எழுதுகிறேன். பிரித்துப் படிக்க வேண்டியவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

தசரதன்